மழை நிக்கட்டும், சீசன் முடியட்டும்

வீட்டுல ரிப்பேர் இருக்கு, ஓனர் பண்ணித் தர மாட்டேங்கறாருன்னு யார்கிட்டச் சொன்னாலும் ஒரே பதில்தான் வருது. "வாடகையை நிறுத்து, தன்னால ஓடி வருவாரு." எங்க டீ ஃபேக்டரில இலை எடை போடுற அண்ணன் சொன்னாரு, பஸ்ல தெனமும் பக்கத்துல உக்கார்ற டீச்சரக்கா சொன்னாங்க, கோயம்புத்தூர்ல இருக்கற என் தம்பி போன்ல கத்தியே சொன்னான். கேக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கு, கோவமா இருக்கறப்ப இன்னும் நல்லா இருக்கு. ஆனா எனக்கு அது அன்னிக்கும் ஒட்டல, இன்னிக்கும் ஒட்டல. நான் கணக்கு எழுதறவ, காசை நிறுத்துனா அடுத்த வரில என்ன வரும்னு பார்த்துதான் பழக்கம். அடுத்த வரில வர்றது ஓனர் இல்ல, காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ். எப்படின்னு கீழ சொல்றேன்.

எங்க வீடு குன்னூர் ஓட்டுப்பட்டறைக்கு மேல, ரோட்ல இருந்து படி ஏறிப் போகணும். ரெண்டு ரூம், ஒரு சமையக்கட்டு, மேல தகர ஷீட், உள்ள பலகை சீலிங். வாடகை 9,000. ஓனர் கோயம்புத்தூர்ல இருக்காரு, ரிட்டயர் ஆனவரு, மே மாசம் குடும்பத்தோட வந்து ரெண்டு நாள் இருந்துட்டுப் போவாரு. நல்ல மனுஷன்னு நானே பல பேர்கிட்டச் சொல்லியிருக்கேன், இப்பவும் கெட்டவர்னு சொல்ல மாட்டேன். என்னை "அம்மிணி"ன்னுதான் கூப்பிடுவாரு, என் மாமியாரைப் பார்த்தா கைகூப்பிட்டுத்தான் பேசவே ஆரம்பிப்பாரு. "நீங்க வாடகைக்கு இருக்கறவங்கன்னா நெனைக்கறேன், நம்ம வீட்டு ஆளுங்க மாதிரி"ன்னு ஒவ்வொரு தடவையும் சொல்லுவாரு. இந்த ஒரு வாக்கியத்தை வச்சு எவ்வளவு நாள் ஓட்டலாம்னு எனக்கு அப்பத் தெரியல.

ஒழுகறது மொதல்ல மூலை ரூம்லதான் ஆரம்பிச்சுது. தகரக் கூரை வீட்டுல இருந்தவங்களுக்குத் தெரியும், ஓட்டை ஒரு எடத்துல இருக்கும், தண்ணி சொட்றது வேற எடத்துல. முகட்டுத் தகரம் துருப்பிடிச்சு, ஷீட்டைப் புடிச்சிருக்கற ஜே போல்ட்டுக்குக் கீழ இருக்கற வாஷர் காஞ்சு விரிஞ்சு, அந்த வழியா உள்ள வர்ற தண்ணி, ஷீட்டைத் தாங்கற ரீப்பர் கட்டை மேலயே ஓடி, சீலிங்ல எங்க பள்ளமோ அங்க தேங்கி, அப்புறம்தான் நம்ம தலைமேல விழும். எங்களுக்கு அது லைட் ஹோல்டர் பக்கத்துல விழுந்துச்சு. மழை பலமாப் பேஞ்சா டிரிப்பர், அதான் சர்க்யூட் பிரேக்கர், விழுந்துரும், வீடே இருட்டு. மெழுகுவத்தி வச்சுக்கிட்டு பையன் ஹோம்வொர்க் எழுதுவான். சுவத்துல ஓதம் ஏறி பெயிண்ட் அப்பளம் மாதிரி உப்பிக்கிட்டு நிக்கும், பீரோவுக்குப் பின்னாடி பச்சையாப் பூஞ்சை, மாமியாருக்கு வீசிங். ராத்திரி பூரா அவங்க உக்காந்துக்கிட்டே தூங்குவாங்க.

மலைக் காலண்டர்

இதுல எனக்கு ரொம்ப நாளா புரியாம இருந்த விஷயம் ஒண்ணு உண்டு. ஓனர் ஒரு தடவைகூட "முடியாது"ன்னு சொன்னதே இல்ல. சொல்லியிருந்தா சண்டை போட்டிருக்கலாம். அவர் சொன்ன ஒவ்வொரு காரணமும், தனித்தனியா எடுத்துப் பார்த்தா, நெசம்.

குன்னூருக்கு மழைன்னா ஐப்பசி கார்த்திகை மழைதான். ஊட்டி, கூடலூர் பக்கம் ஆடில கொட்டும், நமக்கு அப்போ மூட்டமும் காத்தும் தூறலுந்தான் ஜாஸ்தி, அக்டோபர் பாதிக்கு மேலதான் வானம் நம்ம பக்கம் திரும்பும். அந்த நேரத்துல போன் பண்ணா, "மழை நிக்கட்டும் அம்மிணி, ஈரத்துல தகரத்து மேல ஏறுனா ஆள் வழுக்கி விழுந்துருவான், பாவம் நமக்கு வேணாம்." நியாயந்தானே. மழை நின்னா மார்கழி, பொங்கல், வேலைக்காரங்க எல்லாம் ஊருக்குப் போயிருப்பாங்க. பிப்ரவரில அவரு வீட்டுல ஒரு விசேஷம். மார்ச்ல "இந்த மாசம் கை கொஞ்சம் இறுக்கம்". ஏப்ரல் வந்தா டூரிஸ்ட் சீசன். சீசன்ல ஒரு மேஸ்திரி, ஒரு ஆசாரி, ஒரு பெயிண்டர் கெடைக்கணும்னா சாமிக்கு நேர்ந்துக்கணும், எல்லாரும் காட்டேஜ் வேலைல இருப்பாங்க, கூலியும் டபுள். "சீசன் முடியட்டும்"னாரு. அதுவும் நெசந்தான். ஜூன்ல கேட்டா "தென்மேற்கு ஆரம்பிச்சுருச்சே". அப்படியே ஒரு சுத்து சுத்தி மறுபடி ஐப்பசி.

கீழ ஊர்ல ஓனர் இழுத்தடிச்சா அது இழுத்தடிக்கறதுன்னு உடனே தெரிஞ்சுரும். இங்க மலையே அவருக்கு வருஷம் பூரா காரணம் எடுத்துக் குடுத்துக்கிட்டே இருக்கு. கூரை வேலை செய்ய ஏத்த காலம்னு பார்த்தா ஜனவரி கடைசில இருந்து மார்ச் வரைக்கும் ஒரு வாய்ப்பு, அப்புறம் செப்டம்பர் பக்கம் கெடைக்கற சில வெயில் நாளு. அவ்வளவுதான். அந்த ரெண்டு சந்துல ஒண்ணைத் தவறவிட்டா அடுத்த மழையை பக்கெட்டோடதான் பார்க்கணும். பேப்பர்ல எழுதி வச்சுப் பார்த்தப்பதான் எனக்கு இது உறைச்சுது.

இதுக்கு நடுவுல "நீலகிரி ரூல்"னு ஒண்ணு வரும். "இங்கெல்லாம் ஒரு ஆணி அடிக்கவே பர்மிஷன் வேணும், தெரியும்ல?" மலைப் பகுதி கட்டட விதிகள் 1993ல இருந்து இருக்கு, கெடுபிடியாத்தான் இருக்கு, இல்லன்னு சொல்லல. ஜேசிபி கொண்டு வரணும்னாகூட கலெக்டர் அனுமதி வேணும். அதுல தப்பே இல்ல, 2009 நவம்பர்ல மண்ணு சரிஞ்சு இந்த ஜில்லாவுல 40க்கும் மேல உயிர் போனதைப் பார்த்தவங்க யாரும் அந்த ரூலைக் குறை சொல்ல மாட்டாங்க. ஆனா அனுமதி வேணும்னா அதை வாங்க வேண்டியது கட்டடத்துக்குச் சொந்தக்காரர். அனுமதி வேணுங்கறது ஒரு வேலை. வேலை செய்யாம இருக்கறதுக்கு அது எப்படிக் காரணமாகும்? அவர் ஒரு அப்ளிகேஷன்கூடப் போடல.

சட்டத்துல இருக்கறது

தமிழ்நாட்டுல 1960 வருஷத்து பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்ப இல்லைங்கறதே நெறைய பேருக்குத் தெரியல. அதுக்குப் பதிலா 2017ல போட்ட சட்டம், வீட்டு ஓனருக்கும் வாடகைக்கு இருக்கறவங்களுக்கும் என்னென்ன உரிமை என்னென்ன பொறுப்புன்னு சொல்றது, 2019 பிப்ரவரி 22ல இருந்து நடைமுறைல இருக்கு. எனக்கு இதை மொதல்ல சொன்னது எங்க ஃபேக்டரி ஆடிட்டர். "15வது பிரிவைப் படிம்மா, அப்புறம் கடைசில இருக்கற ரெண்டாவது அட்டவணையைப் படி"ன்னாரு. நான் நெஜமாவே உக்காந்து படிச்சேன். வக்கீல் இங்கிலீஷ்தான், ஆனா பயந்த அளவுக்கு இல்ல.

அட்டவணைல ரெண்டு லிஸ்ட். ஓனர் பண்ண வேண்டியது: கட்டடத்தோட அமைப்பு சம்பந்தப்பட்ட ரிப்பேர் (நாமளே ஒடைச்சதா இருந்தா அது நம்ம தலைல), சுவத்துக்கு வெள்ளை, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், தேவைப்பட்டா பைப் மாத்தறது, உள்ளயும் வெளியயும் ஒயரிங். நாம பண்ண வேண்டியது: டேப், டேப் வாஷர், சாக்கடை அடைப்பு, வாஷ் பேசின், கீசர், சுவிட்ச், பிளக், பூட்டு, ஜன்னல் கண்ணாடி இந்த மாதிரி. அதுல பாத் டப் ரிப்பேரும் நம்ம பொறுப்புன்னு போட்டிருக்கு, ஓட்டுப்பட்டறைல ஒரு வாடகை வீட்டுலயாச்சும் பாத் டப் இருக்கான்னு தேடிப் பார்க்கணும். சர்க்யூட் பிரேக்கர் ரிப்பேர் நம்மளுது. ஆனா அது விழுகறதுக்குக் காரணமே கூரைத் தண்ணி ஒயரிங்ல எறங்கறதுதானே, அந்தக் கூரையும் ஒயரிங்கும் அவருது. நாங்க அதுக்கு முன்னாடி ரெண்டு தடவை எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு எங்க காசுலயே பார்த்திருந்தோம்.

15வது பிரிவு சொல்றது இதுதான். ஓனர் செய்ய வேண்டிய ரிப்பேரை எழுத்துல கேட்டும் நியாயமான காலத்துக்குள்ள செஞ்சு தரலன்னா, வாடகைக்கு இருக்கறவங்களே அந்த வேலையைச் செஞ்சுட்டு, செலவை வாடகைல கழிச்சுக்கலாம். ஆனா எந்த மாசமும் வாடகைல பாதிக்கு மேல கழிக்கக் கூடாது. வீடு குடியிருக்கவே லாயக்கில்லாம ஆகி, எழுத்துல கேட்டும் அவர் செய்யலன்னா, 15 நாள் எழுத்துல நோட்டீஸ் குடுத்துட்டு வீட்டை விட்டுப் போயிரலாம். செலவைக் கழிச்சுக்கறது ஒண்ணும் புதுசு இல்ல, 1882 வருஷத்து சொத்து மாற்றுச் சட்டத்துலயே இருக்கு, வெள்ளைக்காரன் காலத்துல இருந்து நமக்கு இந்த உரிமை இருக்கு, ஒருத்தரும் நம்மகிட்டச் சொல்லல.

இப்ப "வாடகையை நிறுத்து"ங்கறதுக்கு வர்றேன். அதே சட்டத்துல, ரெண்டு மாச வாடகை பாக்கி வச்சு, நோட்டீஸ் வந்து ஒரு மாசத்துக்குள்ளயும் முழுசாக் கட்டலன்னா, அது காலி பண்ண வைக்கறதுக்கு ஒரு காரணம். ஆக, கூரை ஒழுகுதுங்கற கேஸை, வாடகை தரலங்கற கேஸா நாமளே மாத்திக் குடுத்துடறோம். நேத்து வரைக்கும் பதில் சொல்ல வேண்டியவரு அவரு, இன்னைக்கு நாம. எனக்கு அந்த அட்வைஸ் ஏன் ஒட்டலன்னு இதைப் படிச்சப்பதான் தெளிவாச்சு. ஓனர் கோவத்துல வாடகையை வாங்க மாட்டேன்னு சொன்னாக்கூட நாம சும்மா இருக்கக் கூடாது. மணியார்டரோ வேற வழியோ, தொடர்ந்து ரெண்டு மாசம் அனுப்பிப் பார்க்கணும், அப்பவும் வாங்கலன்னா வாடகை அதிகாரிகிட்டக் கட்டிடலாம். துணை கலெக்டர் அந்தஸ்துக்குக் குறையாத ஒரு அதிகாரியைத்தான் அதுக்குப் போட்டிருப்பாங்க. தண்ணி, கரண்டை நிறுத்தி வைக்கற வேலையும் ஓனர் பண்ணக் கூடாது, அதுக்கும் அவங்ககிட்டயே போகலாம். எங்க வீட்டுக்குத் தண்ணி வர்ற வால்வு ஓனரோட ஆள் கையில இருக்கு, அதனால அந்தப் பிரிவை மட்டும் நான் கொஞ்சம் அழுத்திப் படிச்சுக்கிட்டேன்.

இதெல்லாம் பேசறதுக்கு அக்ரிமெண்ட் எழுத்துல இருக்கணும், வாடகைக்கான அரசாங்க போர்ட்டல்ல பதிஞ்சு நம்பர் வாங்கியிருக்கணும். எங்க அதிர்ஷ்டம், போன ஏப்ரல்ல புதுப்பிக்கறப்ப ஓனருக்கு யாரோ சொல்லி அவரே பதிவு பண்ணிட்டாரு. வாய்வார்த்தைல இருக்கற வீடுன்னா, அக்ரிமெண்ட் இல்லைங்கறதே காலி பண்ணச் சொல்ல ஒரு காரணமாகிடும், அதனால ரிப்பேர் சண்டைக்கு முன்னாடி அந்தப் பேப்பரைத் தேடுங்க.

சட்டம் ஒரு எடத்துல வாயை மூடிக்குது. "நியாயமான காலம்"னா எவ்வளவு? எத்தனை நாள்னு அந்தப் பிரிவுல இல்ல. ஓனரைக் கேட்டா அடுத்த வருஷமும் நியாயந்தான். இங்கதான் நான் ரொம்ப நேரம் நின்னேன். கோயம்புத்தூர்ல ஒரு மாசம் நியாயமா இருக்கலாம். குன்னூர்ல ஆகஸ்ட் பதினஞ்சாந் தேதில இருந்து ஒரு மாசம் வேற, அக்டோபர் பதினஞ்சுல இருந்து ஒரு மாசம் வேற. நியாயமான காலத்தை மழையில இருந்து பின்னாடி எண்ணிக்கிட்டு வரணும். யாரோ எண்ணட்டும்னு விட்டா எண்ண மாட்டாங்க, நாமதான் எண்ணி, தேதி போட்டு எழுதணும்.

கடுதாசி

ஜூலைல ஒரு ஞாயித்துக்கெழமை சாயங்காலம் லெட்டர் எழுதலாம்னு உக்காந்தேன். பேனாவை எடுத்ததும் மாமியார் டிவியை நிறுத்திட்டாங்க. "போன்ல பேசற மனுஷனுக்கு எதுக்கு லெட்டரு? எழுத்துல கேட்டா அப்புறம் மொகத்துல முழிக்க முடியாது பாத்துக்க." ராத்திரி மூச்சு விட முடியாம உக்காந்திருக்கறது அவங்கதான், ஓனரோட மானத்துக்குக் கவலைப்படறதும் அவங்கதான். எனக்குக் கோவம் வந்துச்சு, ஆனா யோசிச்சா அவங்க சொல்றதுல ஒரு உண்மை இருக்கு. நம்ம ஊர்ல எழுதறதுன்னாலே கேஸுன்னுதான் அர்த்தம். தெரிஞ்சவங்களுக்கு எழுதறது கல்யாணப் பத்திரிகை மட்டுந்தான். ஒருத்தர் நம்மளைக் குடும்பம்னு சொல்லிட்டா, அப்புறம் அவருக்கு லெட்டர் போடறது வாயில இருந்து வராத ஒரு கெட்ட வார்த்தையைக் கையால எழுதற கணக்கா ஆயிருது. அந்தக் கூச்சத்தை நம்பித்தான் இந்த வாடகைத் தொழிலே பாதி ஓடுது. ஓனர் வேணும்னே பண்றாருன்னு சொல்லல, அவருக்கும் அது பழகிப்போச்சு.

என் கணவர் ஒண்ணும் சொல்லல. டார்ச் எடுத்துக்கிட்டு, சீலிங் பலகை ஒண்ணைத் தள்ளி மேல எட்டிப் பார்த்து, எந்தெந்த ஷீட்ல ஓட்டை, முகட்டுல எவ்வளவு நீளம் துருன்னு எண்ணிச் சொன்னாரு, போட்டோவும் எடுத்தாரு. அதுதான் அவரோட சம்மதம்னு எடுத்துக்கிட்டேன்.

நான் எழுதுனது ஒரு பக்கம்கூட வரல. மூலை ரூம் கூரையும் முகட்டுத் தகரமும் துருப்பிடிச்சு ஒழுகுது, தண்ணி ஒயரிங்ல எறங்குது, போட்டோ இணைச்சிருக்கேன், இது 2017 சட்டத்து ரெண்டாவது அட்டவணைப்படி உங்க பொறுப்புல வருது. குன்னூர்ல பெரிய மழை அக்டோபர் நடுவுல ஆரம்பிக்கும், அதுக்கு முன்னாடி வேலை முடியணும்னா செப்டம்பர் முதல் வாரம் ஆரம்பிச்சாகணும், அதனால ஆகஸ்ட் 31க்குள்ள ஆள் ஏற்பாடு பண்ணித் தரும்படி கேட்டுக்கறேன். அதுக்குள்ள ஆகலன்னா 15வது பிரிவுப்படி நாங்களே செஞ்சு, மாச வாடகைல பாதிக்கு மேல போகாம கழிச்சுக்கறோம். வாடகை எப்பவும் போல அஞ்சாந் தேதிக்குள்ள வந்துரும். இவ்வளவுதான். கடைசி வரியை எழுதறதுக்குத்தான் ரொம்ப யோசிச்சேன், ஆனா மொத்த லெட்டர்லயும் முக்கியமான வரி அதுதான்னு இப்பவும் நெனைக்கறேன். எழுதி முடிச்சு, ஜெராக்ஸ் எடுத்து வச்சுக்கிட்டு, மறுநாள் ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பி ரசீதை ஃபைல்ல சொருகிட்டேன்.

லெட்டர் போய்ச் சேந்த அன்னிக்கே போன் வந்துச்சு. "என்ன அம்மிணி இது, நான் உங்களை அப்படியா நெனைச்சேன்? ஒரு போன் பண்ணா பத்தாதா?" குரல் நெசமாவே ஒடஞ்சிருந்துச்சு. எனக்கு அடி வயிறு கலங்கிருச்சு, "இல்லைங்ண்ணா தப்பா எடுத்துக்காதீங்க"ன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துருச்சு. சொல்லல. "போன்ல நெறைய தடவை பேசிட்டோம்ங்ண்ணா, எனக்கும் ஞாபகம் இருக்காது உங்களுக்கும் இருக்காது, அதான் எழுதுனேன்"ன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "சரி, ஷீட் மாத்துனா வாடகை ஏத்திக்குவேன், ஒத்துக்கறீங்களா?"ன்னாரு. அதுக்கும் ஆடிட்டர் சொல்லி வச்சிருந்தாரு. வீட்டை மேம்படுத்தறதுக்கு, நம்ம சம்மதத்தோட, செலவு பண்ணாத்தான் அதுக்காக வாடகை ஏத்தறதைப் பத்திப் பேசலாம். அவர் கட்டாயம் செய்ய வேண்டிய ரிப்பேர் அந்தக் கணக்குல வராது. அதை நான் எவ்வளவு பணிவாச் சொல்ல முடியுமோ அவ்வளவு பணிவாச் சொன்னேன், மாமியார் கதவுக்குப் பின்னாடி நின்னு கேட்டுக்கிட்டு இருந்தாங்க.

ஆகஸ்ட் நடுவுல வாட்ஸப்ல ஒரு மெசேஜ். "நீங்களே பாத்துப் பண்ணிக்கங்க, அப்புறம் பேசிக்கலாம்." இந்த "அப்புறம் பேசிக்கலாம்"ல வாழ்ந்து கெட்டவங்க எத்தனை பேரு! ரெண்டு மேஸ்திரிகிட்ட எஸ்டிமேட் வாங்கி, ரெண்டையும் போட்டோ எடுத்து, கம்மியா இருந்ததை வச்சு வேலை ஆரம்பிக்கறோம், மாசம் 4,500 கழிப்போம், எந்தெந்த மாசம்னும் எழுதி அதே வாட்ஸப்லயும் போஸ்ட்லயும் அனுப்பினேன். ப்ளூ டிக் விழுந்துச்சு. பதில் இல்ல. ஆகஸ்ட் 31 தாண்டுச்சு.

செப்டம்பர்ல வெயில் அடிச்ச ஒரு வாரத்துல வேலை முடிஞ்சுது. ஷீட்டு மேட்டுப்பாளையத்துல வாங்குனா கம்மிதான், ஆனா மலை ஏத்துற வண்டிக் கூலியும் ரோட்ல இருந்து படி வழியாத் தூக்கற கூலியும் சேந்து குன்னூர் மார்க்கெட் வெலைக்கே வந்து நின்னுச்சு, அதனால இங்கயே எடுத்தோம். முகடு பூரா புதுசு, மூலை ரூம் மேல மட்டும் ஷீட் மாத்தி, மத்த எடத்துல போல்ட்டும் வாஷரும் புதுசு போட்டு, உளுத்துப்போன ரீப்பர் ரெண்டு மாத்தி, அந்த ரூம் ஒயரிங்கையும் இழுத்து எல்லாம் சேத்து 21,000. மொத்தக் கூரையையும் மாத்தியிருந்தா லட்சத்தைத் தாண்டியிருக்கும்னு மேஸ்திரி சொன்னாரு. மாசம் 9,000 வாங்கற ஓனருக்கு அது சின்னத் தொகை இல்லைங்கறது எனக்கும் புரியுது. அதனாலதான் பாதிக்கு மேல கழிக்காதேன்னு சட்டம் சொல்றது நியாயம்னு படுது. அக்டோபர்ல இருந்து ஜனவரி வரைக்கும் 4,500, பிப்ரவரில மிச்சம் 3,000 கழிச்சுக்கிட்டு 6,000 அனுப்பியாச்சு. ஜிபேல ஒவ்வொரு தடவையும் "இந்த மாச வாடகை, ரிப்பேர் கழிவு போக"ன்னு குறிப்பு எழுதித்தான் அனுப்புவேன். கார்த்திகை மழைல ஒரு ராத்திரி விடாமக் கொட்டுச்சு, டிரிப்பர் விழல. மாமியார் படுத்துத் தூங்குனாங்க. லெட்டரைப் பத்தி அதுக்கப்புறம் அவங்க ஒரு வார்த்தை பேசல.

அக்ரிமெண்ட் முடியறப்ப

இதோட முடிச்சா ஜெயிச்ச கதை மாதிரி இருக்கும். ஜனவரில ஓனர்கிட்ட இருந்து ஒரு லெட்டர் வந்துச்சு. ஆமா, லெட்டர், ஸ்பீட் போஸ்ட்ல. மார்ச்ல அக்ரிமெண்ட் முடியுது, புதுப்பிக்கற எண்ணம் இல்ல, வீட்டை காட்டேஜா விடப் போறோம்னு எழுதியிருந்தாரு. மரியாதையாத்தான் எழுதியிருந்தாரு. காலம் முடிஞ்சா புதுப்பிச்சே ஆகணும்னு அவருக்குக் கட்டாயம் எதுவும் இல்ல. ரிப்பேர் கேட்டதுக்கா இது, இல்ல சீசன் காசுக்கா, ரெண்டும் சேந்தா, கேட்டா அவரே சொல்ல மாட்டாரு. இந்த ஊர்ல மாச வாடகைக்கு விட்ட வீடுங்க ஒண்ணொண்ணா நாள் வாடகைக்குப் போயிட்டிருக்கறது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஒரு வார சீசன்ல எங்க மாச வாடகையை எடுத்துரலாம். ஒழுகற வீடா இருந்த வரைக்கும் அதை டூரிஸ்ட்டுக்கு விட முடியாது, இப்ப கூரை நல்லா இருக்கு.

இதுதான் எனக்கு இன்னும் செரிக்கல. 15வது பிரிவு நம்ம கையில ஒரு சாவியைக் குடுக்குது, ஆனா 11 மாச அக்ரிமெண்ட்ல இருக்கறவங்க அந்தச் சாவியைத் திருப்புனா எத்தனை நாள் அந்த வீட்டுல இருப்பாங்கங்கறதைச் சட்டம் பார்க்கல. ரிப்பேர் கேட்டு எழுதுனதுக்கப்புறம் ஒரு வருஷத்துக்காவது அதே வாடகைல புதுப்பிக்கணும்னு ஒரு வரி இருந்திருந்தா என் மாமியார் மாதிரி ஆளுங்களே பேனாவை எடுத்துக் குடுப்பாங்க. அது இல்லாத வரைக்கும் ஜனங்க பக்கெட் வச்சுக்கிட்டு வாயை மூடிக்கிட்டு இருக்கறதை நான் கோழைத்தனம்னு சொல்ல மாட்டேன், அவங்களும் கணக்குப் போட்டுத்தான் இருக்காங்க. இருந்தாலும் திரும்ப அந்த ஜூலை வந்தா நான் எழுதத்தான் செய்வேன், காட்டேஜ் வெறி எப்படியும் எங்களை ஒருநாள் தொட்டிருக்கும், நடுவுல ஒரு மழைக்காலமாவது அந்தம்மா மூச்சு விட்டாங்க.

இன்னொரு சிக்கல், குன்னூர்லயே பெட்ஃபோர்ட் பக்கம் இருக்கற என் சிநேகிதி கேட்டது. அவ ஒத்திக்கு இருக்கா, மொத்தமா ஒரு தொகை குடுத்துட்டு மாச வாடகையே கெடையாது. அவ வீட்டுக்குப் பின்னாடி தடுப்புச்சுவர் வயிறு தள்ளி நிக்குது. "எனக்குக் கழிக்கறதுக்கு வாடகையே இல்லையேடி, நான் எதுல கழிக்க?"ன்னா. எங்கிட்ட பதில் இல்ல. அதுவும் தகரத்துக்கு வாஷர் மாத்தற வேலையா அது, மண்ணு சரியற சுவரு, லட்சக்கணக்குல ஆகற விஷயம். அவளை ஓனருக்கும், நகராட்சிக்கும் ஒரே நாள்ல எழுதச் சொன்னேன், போட்டோவோட, மழைக்கு முன்னாடி தேதி போட்டு. மழை பலமாப் பேஞ்சா அந்தப் பின் ரூம்ல பசங்களைப் படுக்க வைக்காதேன்னும் சொன்னேன். பணம் குடுக்கறதுக்கு முன்னாடி அக்ரிமெண்ட்லயே சுவரு யார் பொறுப்புன்னு எழுதியிருந்தா வேற மாதிரி இருந்திருக்கும். இப்ப எழுதியாவது வைப்போம்.

நாங்க வீடு தேடிக்கிட்டு இருக்கோம். முன்னாடியெல்லாம் வீடு பார்க்கப் போனா தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா வரும்னுதான் மொதல் கேள்வி கேப்பேன். இப்ப நேரா பீரோ வைக்கற சுவத்தைத் தடவிப் பார்க்கறேன், சீலிங்ல மஞ்சளா வட்டம் தெரியுதான்னு பார்க்கறேன், புதுசா பெயிண்ட் அடிச்சிருந்தா இன்னும் சந்தேகமாப் பார்க்கறேன். போன வாரம் குன்னூரை ஒட்டி இருக்கற வெலிங்டன் பக்கம் ஒரு வீடு புடிச்சுது, ஓனரம்மா மேல் வீட்டுலயே இருக்காங்க. அட்வான்ஸ் 50,000 கேட்டாங்க, வாடகை 10,000, வேற மாதிரி பேசி ஒத்துக்கலன்னா சட்டப்படி மூணு மாச வாடகைக்கு மேல வாங்கக் கூடாதுங்கக்கா, 30,000 தர்றேன்னேன். யோசிச்சுட்டு சரின்னாங்க. கூடவே, "கூரை, தடுப்புச்சுவர், ஒயரிங் வேலை ஓனர் பொறுப்பு, எழுத்துல கேட்டா அந்த வருஷம் செப்டம்பர் 30க்குள்ள முடிச்சுத் தரணும்"னு ஒரு வரி அக்ரிமெண்ட்ல சேக்கணும்னு கேட்டேன். அவங்க என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டு, இதுக்கு முன்னாடி எந்த வீட்டுல இருந்தீங்க, ஏன் காலி பண்றீங்கன்னு கேட்டாங்க. நடந்ததைச் சொன்னேன். மகன்கிட்டக் கேட்டுட்டு செவ்வாய்க்கெழமை சொல்றேன்னாங்க, இன்னும் போன் வரல.